திருத்தும் முன் வேறுபாட்டைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

கடலூர்க் கரையோர நீரோட்டத்தைக் கணிக்க, ரேடார் தரவைக் கணினி மாதிரியோடு இணைக்கப் போவதாக எழுதியிருந்தாய். இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவது என்பது உன் கேள்வி. நம்புவது அப்புறம். எங்கே, எப்படி முரண்படுகிறது என்று முதலில் பார்.

ரேடார் தரவிலிருந்து வரையும் நீரோட்ட அம்புப் படம் அழகாகத்தான் இருக்கும். கருத்தரங்கில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் ரேடார் அளப்பது அம்பை அல்ல. 4.4 மெகாஹெர்ட்ஸ் நிலையம், தன் அலைநீளத்தில் பாதியான, சுமார் 34 மீட்டர் நீளக் கடலலைகளில் பட்டுத் திரும்பும் சமிக்ஞையைப் பிடிக்கிறது. அந்த அலைகளின் இயல்பான வேகம் நமக்குத் தெரியும். அதில் கூடுவதும் குறைவதும் நீரோட்டத்தால். அதிலும் நிலையத்தை நெருங்கும் அல்லது விலகும் பங்கு மட்டுமே கிடைக்கும். கடலூர், கல்பாக்கம் நிலையங்கள் இரண்டும் சேர்ந்தால்தான் முழு அம்பு. இரண்டையும் இணைக்கும் கோட்டருகே இரு பார்வையும் ஒரே கோட்டில் விழுவதால், கரைக்குக் குறுக்கான ஓட்டம் அங்கே பெரும்பாலும் பிழைதான். ஆகவே மாதிரிக்கு அம்புகளைக் கொடுக்காதே. ஒவ்வொரு நிலையத்தின் ஆரத்திசை வேகத்தையும் தனித்தனியாகக் கொடு. மாதிரியிலிருந்து அதே பங்கைக் கணக்கிடுவது பெரிய வேலையில்லை.

ஓதம் போன்ற குறுகிய கால அலைவுகளை நீக்கும் வடிகட்டியிலும் கவனம் வேண்டும். நடு அட்சரேகைக் கடல்களுக்குப் பழகிய 40 மணி நேர வடிகட்டியை அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார்கள். கடலூர் அட்சரேகையில், புவிச்சுழற்சியால் எழும் நிலைம அலைவின் காலம் ஏறக்குறைய 59 மணி நேரம். வடிகட்டியபின்னும் அது அப்படியே நிற்கும். நீ அதைப் பருவகால ஓட்டம் என்று நினைத்து மாதிரிக்குள் திணிப்பாய்.

ரேடார் தரவு மாதிரியில் செய்யும் திருத்தங்களின் சராசரியையும் வரைந்து பார். நாள்தோறும் ஒரே பக்கமாகவே திருத்தம் விழுந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. தரவை மாதிரியோடு இணைக்கும் கல்மன் முறை, பிழைகளின் சராசரி பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. ஒருபக்கச் சாய்வை அதனால் குணப்படுத்த முடியாது. உதாரணத்துக்கு, நம் கரையோட்டம் மார்ச் வாக்கில் வடக்கே போகும், நவம்பரில் தெற்கே திரும்பும். இதற்கு உள்ளூர்க் காற்று மட்டும் காரணமல்ல. நிலநடுக்கோட்டிலிருந்து கிளம்பி வங்கக்கடலின் கிழக்கு விளிம்பைச் சுற்றி வரும் கெல்வின் அலைகளுக்கும் பங்குண்டு. மாதிரியின் எல்லையில் அவை தவறாக நுழைந்தால், கடலூரில் எவ்வளவு திருத்தினாலும் முன்கணிப்பு சில நாளில் பழைய தவறுக்கே திரும்பிவிடும்.

மிதவைத் தரவு கொஞ்சம் இருக்கிறது என்றாயே, அதை இணைக்காமல் சரிபார்ப்புக்கு ஒதுக்கி வை. இப்போதைக்கு, எதையும் இணைக்காமல் ஓட்டிய மாதிரிக்கும் ரேடாருக்கும் உள்ள வேறுபாட்டை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நிலையவாரியாக வரைந்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்