மரத்துக்கு விலை வேறு, வெட்டுக்குக் கூலி வேறு

“கூலியே வேண்டாங்க, மரத்தை மட்டும் நாங்க எடுத்துக்கறோம்.”

பெரிய மரத்தை இறக்க ஆள் தேடிய சேலத்துக்காரர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமானது. அஸ்தம்பட்டியில் ஏற்காடு சாலையை ஒட்டிய பழைய வளாகங்களில் தூங்குமூஞ்சி, புளி, வேம்பு என்று ஓங்கி நிற்கும் மரங்களுக்கு இந்தக் கணக்கில்தான் பேரம் தொடங்குகிறது. வீட்டுக்காரர் கையிலிருந்து பைசா போவதில்லை. வெட்டுபவருக்கு லாரி நிறையக் கட்டை கிடைக்கிறது. இரண்டு தரப்புக்கும் லாபம் என்றே தோன்றும். ஆனால் பெரிய மரம் வெட்டுவதில் நேரும் தவறுகளில் அதிக நஷ்டம் வைப்பது இந்த ஒப்பந்தம்தான். ரம்பத்தின் கூர்மை, கயிற்றின் பலம், ஏறுபவரின் அனுபவம் எல்லாம் இதற்கு அடுத்த வரிசை.

காரணம் எளிது. அறுவை மில் நீளத்துக்கும் பருமனுக்கும் காசு கொடுக்கிறது. நாலடித் துண்டாக இறக்கினால் விறகு விலை. பன்னிரண்டடி நேர்க்கட்டையாக இறக்கினால் பலகை விலை. வீடுகளுக்கு நடுவில் நிற்கும் மரத்தை ஆபத்தில்லாமல் இறக்க ஒரே வழி, அதை மேலிருந்து சின்னச் சின்னத் துண்டாகக் கழித்துக்கொண்டே வருவது. கட்டையிலிருந்து கூலி எடுக்க வேண்டியவருக்குக் கூடுதலாகப் போடும் ஒவ்வொரு வெட்டும் நஷ்டம், கூடுதலாக ஆகும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். நல்ல வேலைக்காரரைக்கூட அந்தக் கணக்கு அவசரப்படுத்திவிடும்.

எங்கள் வளாகத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் நடந்ததும் அதுவே. கூலி கொடுத்து, ஆளும் கயிறும் பார்த்து வெட்டலாம் என்று குடியிருப்போர் கூட்டத்தில் சொன்ன சிலரின் பேச்சு எடுபடவில்லை. இலவசம் என்றதும் மற்றவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். ஏறியவர், சுற்றுச்சுவருக்கு மேலாக நீண்டிருந்த வாதை அதன் அடியிலேயே மேலிருந்து அறுக்கத் தொடங்கினார். ஒன்றரை அடிப் பருமன், பதினைந்தடி நீளம். பச்சை மரத்தில் அந்த அளவுக்கு அரை டன் எடை வரும். பாதிக்கு மேல் ரம்பம் இறங்கியதும் வாது தன் பாரத்திலேயே மடங்கியது. அறுபடாமல் மிச்சமிருந்த அடிப்பாகம் முறியவில்லை. அடிமரத்துப் பட்டையை இரண்டு முழத்துக்கு உரித்துக்கொண்டு, ஒரு முனை மரத்தில் ஒட்டியபடியே உள்பக்கமாக ஆடி வந்தது. சுவர் உடைந்தது. அடுத்த வீட்டு கார் கொட்டகையின் தகரம் மடங்கியது. கீழே கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்த இளைஞர் இழுபட்டுக் குப்புற விழுந்தார். விழுந்ததால்தான் அந்த வாது அவர் தலைக்கு மேலே போனது.

சுவரைக் கட்டிய செலவும் தகரம் மாற்றிய செலவும், முன்பு வேறொருவர் கேட்டு நாங்கள் அதிகம் என்று திருப்பி அனுப்பிய கூலியைத் தாண்டின. நேர்க்கட்டைகள் மட்டும் அன்று மாலையே லாரி ஏறிவிட்டன.

அந்த வாதை இறக்கும் முறை ஒன்றும் ரகசியம் அல்ல. மூன்று வெட்டு. முதல் வெட்டு, அடிமரத்திலிருந்து ஓரடிக்கு மேல் தள்ளி, கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி, பருமனில் கால்பங்கு வரை. இரண்டாவது, அதற்கும் சற்று வெளியே தள்ளி மேலிருந்து கீழாக. வாது முறியும்போது உரியும் பட்டை, கீழே போட்ட முதல் வெட்டில் வந்து நின்றுவிடும். மூன்றாவது வெட்டு, மிஞ்சிய முளையை எடுப்பதற்கு. பாரமான வாதாக இருந்தால் முதல் வெட்டுக்கு முன்பே கயிறு கட்டியிருக்க வேண்டும். மேலே உறுதியான கவையில் போட்டு இறக்கிய கயிற்றை அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, அந்த முனையை ஒருவர் தள்ளி நின்று பிடிக்க வேண்டும். பாரத்தைத் தாங்குவது அந்தச் சுற்றுகளின் உராய்வு. மனிதனின் கை அல்ல. அரை டன் கட்டை நாலடி விழுந்து கயிற்றில் நின்றால், கயிறு வாங்கும் இழுப்பு அரை டன்னைப்போலப் பல மடங்கு. கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு நிற்பவரைப் பார்த்தால், வேலையை அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு.

மரத்தை வெட்டியதே பாவம் என்று இன்றைக்கும் சொல்பவர்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்கள் அந்த மரத்தின் அடியைக் குனிந்து பார்க்கவில்லை. தூரை ஒட்டித் தட்டுத்தட்டாகக் காளான் முளைத்திருந்தது. உள்ளே மரம் மக்கத் தொடங்கிவிட்டதன் அடையாளம் அது. சுத்தியலால் தட்டினால் ஒரு பக்கம் கணீரென்றும் மறுபக்கம் பொத்தென்றும் கேட்டது. மரம் சாய்ந்திருந்த திசைக்கு எதிர்ப்புறத்தில் மண் வெடித்து லேசாக மேலெழும்பியிருந்தது. குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் அந்தப் பக்கத்து வேர்களை அறுத்திருந்தது. பெரிய மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டு மூன்று அடி ஆழத்துக்குள்தான் படர்கிறது. அடிமரத்துக்குப் பக்கத்தில் ஒரு நேர்ப் பள்ளம் தோண்டினால், மரத்தைப் பிடித்து நிறுத்தும் வேர்கள் ஒரு பக்கம் முழுக்கப் போய்விடும்.

2022 ஜூன் 24 அன்று சென்னை கே.கே. நகர் பி.டி. ராஜன் சாலையில் பெரிய மரம் ஒன்று கார்மேல் சாய்ந்து, உள்ளே இருந்த பெண் இறந்தார். அருகில் நடந்த மழைநீர் வடிகால் வேலையில் வேர் அறுந்ததா என்று அப்போது பெரும் விவாதம் எழுந்தது. மாநகராட்சி அதை மறுத்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. தூர் பலவீனமான மரத்தைக் காற்று தேர்ந்தெடுத்துச் சாய்க்கும். சேலத்தில் அதற்குப் புயல் வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன்னால் வீசும் அரைமணி நேரக் காற்று போதும். மரத்தை எடுக்கச் சொன்னதில் தவறே இல்லை. தவறு எடுத்த விதத்தில் இருந்தது.

வாதுகளைக் கழித்த பிறகு நிற்கும் அடிமரத்தைச் சாய்ப்பது தனிக் கலை. விழ வேண்டிய பக்கத்தில், பருமனில் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்கு முக்கோண வாய் ஒன்று எடுக்க வேண்டும். பின்பக்கத்தில், அந்த வாயின் அடிமட்டத்துக்கு ஓரிரு அங்குலம் மேலே இன்னொரு வெட்டு. இரண்டும் சந்தித்துவிடக் கூடாது. நடுவில் அறுபடாமல் விடும் மரக்கீற்றுதான் கதவுக்குக் கீல் போல வேலை செய்து, மரத்தை ஒரே திசையில் மடக்கி இறக்குகிறது. மரத்தின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு கனம் அதற்கு இருக்க வேண்டும். இரண்டடி மரம் என்றால் இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். அவசரத்தில் அதையும் அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும்.

முன்பக்கம் அதிகமாகச் சாய்ந்த மரத்தில் வேறொரு ஆபத்து. பின்வெட்டு பாதி போவதற்குள் அடிமரம் நெட்டுக்குத்தாகப் பிளந்து, பின்பாதி மேலே எகிறும். அந்த இடத்தில் நிற்பவரின் மார்புக்கும் முகத்துக்கும் நேரே அது வரும்.

மரம் அசைந்ததும் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதை ரம்பத்தைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்து, வழியில் கிடக்கும் கிளைகளை அள்ளிவிட வேண்டும். நேர் பின்னால் ஓடக் கூடாது. விழும் மரம் பின்னால் உதைக்கும். பின்பக்கம் குறுக்காக நாற்பத்தைந்து பாகையில் ஒதுங்குவதே முறை. வேலையில் இல்லாதவர்கள் மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். அஸ்தம்பட்டித் தெருக்களில் அவ்வளவு இடம் ஏது? அடிமரத்தையும் துண்டாகவே இறக்க வேண்டும் என்பதற்கு அதைவிட வேறு காரணம் தேவையில்லை. கட்டையின் விலை குறையும்தான். குறையட்டும்.

பொக்லைனில் கயிறு கட்டி இழுத்துவிடலாம் என்று ஒரு யோசனை எல்லாத் தெருவிலும் வரும். பதம்போன நைலான் கயிறு இழுப்பில் அறுந்தால் சாட்டையாகத் திரும்பும். மரத்தின் உயரத்தைவிட நீளமான கயிறு இல்லையென்றால், இழுக்கும் வண்டியின் மேலேயே மரம் விழும்.

மின்கம்பி பக்கத்தில் இருந்தால் பேச்சே வேண்டாம். மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, லைன்மேன் வந்து இணைப்பைத் துண்டித்த பிறகே ஆள் ஏற வேண்டும். பச்சைக் கிளையும் நனைந்த கயிறும் மின்சாரத்தைக் கடத்தும். தெருவில் கரன்ட் போயிருக்கிறது என்பதை நம்பி ஏறுவது தற்கொலைக்குச் சமம். எந்த நிமிடமும் அது திரும்பலாம். தவறாக இணைத்த ஒரு வீட்டு ஜெனரேட்டரிலிருந்தும் கம்பிக்குள் மின்சாரம் வரலாம்.

செயின்சா பற்றி ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926-ல் மின்சாரத்திலும் 1929-ல் பெட்ரோலிலும் ஓடும் சங்கிலி ரம்பங்களைக் கொண்டுவந்தபோது, அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இன்று அதை ஒரே கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் கிளையைப் பற்றியபடி அறுப்பவர்களை ஊரெல்லாம் பார்க்கலாம். ரம்பத் தகட்டின் நுனியில் மேல்பாதி எதன்மேலாவது பட்டுவிட்டால், மிஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் மேல்நோக்கித் துள்ளி, பிடித்திருப்பவரின் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். இரண்டு கைப்பிடியையும் கட்டைவிரல் சுற்றிப் பிடித்திருந்தால்தான் அதைத் தடுக்க முடியும். முன்னால் உள்ள தடுப்பு வேலை செய்து சங்கிலியை நிறுத்தவும் வழி உண்டு. தோளுக்கு மேல் ரம்பத்தைத் தூக்கக் கூடாது, ஏணியில் நின்று அறுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். ஹெல்மெட், கண்ணாடி, ஷூ, இடுப்பு பெல்ட், தொடையை மூடும் பாதுகாப்பு உடை எல்லாம் கிடைக்கின்றன. அந்த உடையின் நார்கள் சங்கிலியில் சிக்கி அதை நிறுத்திவிடும். கைலியும் வெறுங்காலுமாக ஏறுபவருக்கு வேலை தெரியாது என்று அர்த்தம் இல்லை. அவருக்குக் கிடைக்கும் கூலியில் இதெல்லாம் வாங்க வழியில்லை என்றுதான் அர்த்தம்.

பயிற்சியும் கருவியும் நிறைந்த அமெரிக்காவிலேயே 2022-ல் மரம் வெட்டும் தொழிலாளர்களில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 100 பேர் வேலையில் இறந்தார்கள். எல்லாத் தொழில்களுக்குமான சராசரி அங்கே 3.7 தான். இப்படிப்பட்ட வேலையைக் கூலியே இல்லாமல் செய்யச் சொல்வது நியாயமா என்று குடியிருப்போர் சங்கங்கள் யோசிக்க வேண்டும்.

அனுமதி விஷயம் சுருக்கமானது. தெருவோர மரம் வீட்டு வாசலில் நின்றாலும் வீட்டுக்காரருடையது அல்ல. அரசு நிலத்து மரங்களுக்கு ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். பனை எங்கே நின்றாலும் ஆட்சியர் அனுமதி தேவை என்பது 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் வந்த அறிவிப்பு. சொந்த நிலத்துச் சந்தன மரத்துக்கும் வனத்துறைதான். ஏற்காடு மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்.

பேரம் பேசும்போது காகிதத்தில் எழுத வேண்டியவை இவை. ஆட்களுக்கும் கருவிக்குமான கூலி ஒரு தொகை. கட்டையின் விலை தனித் தொகை. அதை வேறு ஆளிடம் விற்றால் இன்னும் நல்லது. எந்தத் துண்டும் எத்தனை அடிக்கு மேல் இறங்கக் கூடாது என்ற அளவு. சுவர், கூரை, கம்பி சேதமானால் யார் பொறுப்பு, ஆளுக்கு அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்ற விவரம். இதற்கெல்லாம் ஒப்புக்கொள்ளும் மேஸ்திரிகள் சேலத்தில் இருக்கிறார்கள். நிதானமாக நாலு பேரை வரவழைத்து, மரத்தைச் சுற்றி வந்து பார்ப்பவரைத் தேர்ந்தெடுங்கள். வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்து விலை சொல்பவரை அனுப்பிவிடுங்கள்.

எங்கள் வளாகத்தில் மிச்சம் இருப்பது ஒரு வேம்பு. அதன் தூர் கெட்டியாக இருக்கிறது. மாடியை உரசும் இரண்டு வாதுகளை மட்டும் எடுத்தால் போதும். முளையை எடுக்கும் அந்த மூன்றாவது வெட்டை அடிமரத்தோடு ஒட்டி வழவழப்பாக அறுக்கக் கூடாது என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துக் காட்டியது அதுதான்: கிளை பிறக்கும் இடத்தில் வளையமாகப் புடைத்திருக்கும் பகுதியை விட்டுவைத்தால் மரம் அந்தக் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும், அதையும் சேர்த்து அறுத்தால் அழுகல் அடிமரத்துக்குள் இறங்கும். வேலையை மாசிக்குள் முடிக்க வேண்டும், கூலி கொடுத்துத்தான் முடிக்க வேண்டும் என்றும் அதே கடிதத்தில் கேட்டிருக்கிறோம். எங்கள் பங்குப் பணத்தை அதனுடன் சேர்த்தே கட்டிவிட்டோம்.