ராம் மெமரிக்கு ஹீட் சிங்க் ஒட்டப் போகிறீர்களா? லேபிளைக் கிழிக்காதீர்கள்!

அக்னி நட்சத்திர நாட்களில் புதுக்கோட்டைப் பக்கம் மதிய வெயில் 40 டிகிரியைத் தொடுவது வழக்கம்தான். சென்னையில் சாப்ட்வேர் வேலையில் இருக்கும் நான் அந்த நாட்களில் ஊருக்குப் போனால், கம்ப்யூட்டர் வைத்திருக்கும் உறவினர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, ராமுக்கு மேலே ஒட்டுற அலுமினியத் தகடு ஆன்லைன்ல விக்குதே, வாங்கி ஒட்டலாமா?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கலாம். எனவே இதனைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் ராம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். கம்ப்யூட்டர் கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால், மதர்போர்டில் ப்ராசசர் விசிறிக்குப் பக்கத்தில் செங்குத்தாகச் செருகப்பட்ட நீளமான பட்டைகள் தெரியும். பட்டையின் மேல் வரிசையாக இருக்கும் கறுப்புச் சதுரங்கள்தான் மெமரி சிப்கள். அவற்றின் மேல் எழுத்தும் எண்ணுமாக ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கும். நம் கட்டுரையின் கதாநாயகன் அந்த ஸ்டிக்கர்தான். அதற்குப் பிறகு வருவோம்.

ராமுக்குச் சூடு ஏன் ஆகாது? ஒவ்வொரு சிப்பிலும் கோடிக்கணக்கான மிகச் சிறிய கெபாசிட்டர்கள் உள்ளன. அவற்றில் மின்னூட்டம் இருக்கிறதா, இல்லையா என்பதை வைத்தே 1, 0 என்று தகவல் நிற்கிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஒழுகுவது போல இந்த மின்னூட்டம் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே டிடிஆர்4 பட்டையில் 64 மில்லி செகண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் மறுபடி நிரப்ப வேண்டும். இதற்கு ரெப்ரெஷ் என்று பெயர். சூடு ஏற ஏற ஒழுக்கும் வேகமாகும். மெமரிக்கான தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு, சிப்பின் மேற்பரப்பு வெப்பம் 85 டிகிரி வரை இருந்தால் சாதாரண ரெப்ரெஷ் போதும் என்றும், அதற்கு மேல் 95 டிகிரி வரை போனால் இரு மடங்கு வேகத்தில் ரெப்ரெஷ் செய்ய வேண்டும் என்றும் வைத்திருக்கிறது.

85 டிகிரி என்பது கை வைக்க முடியாத சூடு. வீட்டுக் கம்ப்யூட்டரில் ராம் அந்த அளவுக்குப் போவது அபூர்வம். ஒரு 8 ஜிபி டிடிஆர்4 பட்டை எடுத்துக்கொள்ளும் மின்சாரம் சுமார் 2, 3 வாட்தான். பக்கத்தில் இருக்கும் ப்ராசசர் 65 வாட் என்றால், யார் பெட்டியைச் சூடாக்குவது என்று நீங்களே சொல்லிவிடலாம். மின் அழுத்தமும் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து வந்திருக்கிறது. முதல் டிடிஆர் 2.5 வோல்ட், டிடிஆர்2 1.8, டிடிஆர்3 1.5, டிடிஆர்4 1.2, இப்போதைய டிடிஆர்5 1.1 வோல்ட்.

பிறகு எப்படி ராமுக்குத் தகடு போடும் பழக்கம் வந்தது? 2000-ல் பெண்டியம் 4 வெளியானபோது அதற்குத் துணையாக வந்தது ராம்பஸ் நிறுவனத்தின் ஆர்டிராம். அதில் ஒரு நேரத்தில் ஒரே சிப் முழு வேலையையும் செய்யும். அந்த ஒரு இடம் மட்டும் கொதிக்கும். சூட்டைப் பட்டை முழுவதும் பரப்பத் தகடு அவசியமாயிற்று. ஆர்டிராம் போய்விட்டது, தகடு தங்கிவிட்டது. இன்று கடையில் பளபளக்கும் தகடுகளில் பெரும்பகுதி அழகுக்குத்தான் என்பது என் கருத்து. எக்ஸ்.எம்.பி. போன்ற வசதியால் 1.35 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி வேகமாக ஓட்டுபவர்களுக்கும், மணிக்கணக்கில் வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கும் அது பயன்படலாம். டிடிஆர்5 பட்டையில் மின்சாரத்தை மாற்றித் தரும் தனிச் சிப் ஒன்றும் இருப்பதால் அங்கே கொஞ்சம் கூடுதல் காரணம் உண்டு. மற்றவர்களுக்குத் தேவையில்லை.

<b>லேபிளில் என்ன இருக்கிறது?</b>

ஒரு டிடிஆர்4 லேபிளில் ஆங்கில எழுத்துகளில் "8ஜிபி 1ஆர்×8 பிசி4-3200ஏஏ-யுஏ2-11" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 8ஜிபி கொள்ளளவு. 1ஆர்×8 என்பது ஒரே ரேங்க், ஒவ்வொரு சிப்பும் 8 பிட் அகலம். பிசி4 என்றால் டிடிஆர்4. 3200 வேகம். சில நிறுவனங்கள் இதையே பிசி4-25600 என்று போடும். 3200-ஐ 8-ஆல் பெருக்கிப் பாருங்கள், புரிந்துவிடும். யு என்ற எழுத்து வந்தால் டெஸ்க்டாப் பட்டை, எஸ் வந்தால் லேப்டாப் பட்டை. இவற்றோடு பார்ட் நம்பரும் சீரியல் நம்பரும் இருக்கும்.

நாளை இன்னொரு பட்டை வாங்கிச் சேர்க்க நினைத்தால் இந்தத் தகவல்கள் இருந்தால்தான் ஒத்துப்போகும் பட்டையை வாங்க முடியும். அதைவிட முக்கியம் வாரண்டி. பல நிறுவனங்கள் ராமுக்கு வாழ்நாள் வாரண்டி தருகின்றன. ஆனால் லேபிள் கிழிந்தாலோ, அகற்றப்பட்டாலோ வாரண்டி செல்லாது என்பது வழக்கமான நிபந்தனை.

அறந்தாங்கியில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கும் என் பெரியப்பா மகன் இதில் மாட்டிக்கொண்டார். தகடு சமமாக உட்கார வேண்டும் என்று இரண்டு பட்டைகளின் லேபிளையும் உரித்துக் குப்பையில் போட்டுவிட்டார். ஓராண்டு கழித்து மதியம் ஆனால் நீலத் திரை வர ஆரம்பித்தது. சோதித்ததில் ஒரு பட்டை பழுது. வாரண்டி மையத்தில் கொடுத்தபோது, லேபிள் இல்லாத பட்டையைக் கையில்கூட வாங்கவில்லை. 2025-ன் இறுதியில் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை எகிறியது நினைவிருக்கும். அண்ணன் முன்பு கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்துப் புதிய பட்டை வாங்கினார். பள்ளித் தேர்வு நேரத்தில் ஐந்து நாள் கடை வேலை நின்றது தனி.

இன்னொரு செய்தி. க்ரூசியல் என்ற பெயரில் வீட்டுப் பயனாளர்களுக்கு ராம் விற்று வந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஏற்கெனவே விற்றவற்றுக்கு வாரண்டி தொடரும் என்றும் சொன்னது. கடையில் கிடைக்காத பொருளுக்கு வாரண்டி மட்டும் இருக்கும் நிலையில் அந்த லேபிளின் மதிப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

<b>ஒட்டியே ஆக வேண்டும் என்றால்</b>

முதலில் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்தி மீதமுள்ள மின்சாரத்தை வெளியேற்றிடவும். கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுப் பட்டையைக் கழற்றவும். ஓரங்களை மட்டும் பிடிக்க வேண்டும். தங்க நிறப் பற்களில் விரல் படக்கூடாது.

அடுத்து, கேமராவை நெருக்கமாக வைத்து இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எழுத்தும் படிக்கும்படி இருக்க வேண்டும். பில்லையும் சேர்த்து எடுங்கள். இப்போது பல கடைகளில் தரும் பில் தெர்மல் பேப்பரில் அச்சாவது. வெப்பத்தில் சில மாதங்களிலேயே வெளுத்து வெறும் தாளாகிவிடும். வாரண்டி லேபிளில் இருக்க, பில் காணாமல் போன கதைகளும் உண்டு.

சிப்கள் ஒரு பக்கம், லேபிள் மறு பக்கம் என்றால் கவலையே இல்லை. சிப் பக்கம் மட்டும் தகடு போட்டால் போதும். லேபிள் சிப்களின் மேலேயே இருந்தால், அதன் மேலேயே தகட்டைப் பொருத்தலாம். "காகிதம் சூட்டைத் தடுக்காதா?" என்று கேட்பீர்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள லேபிள், நான்கு சிப்களை மறைத்து, அதன் வழியே ஒன்றரை வாட் வெளியேறுவதாக வைத்தாலும் வித்தியாசம் 3 டிகிரி அளவுதான். 85 டிகிரி எல்லைக்கு வெகு கீழே ஓடும் பட்டைக்கு இது ஒரு பொருட்டல்ல.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. மலிவான தகடுகளில் பசை தடவிய பட்டைதான் இருக்கும். லேபிள் மேல் அதை ஒட்டினால், பின்னால் கழற்றும்போது லேபிளும் கூடவே வந்துவிடும். சில நேரம் சிப்பே பெயர்ந்து வரும். எனவே பசை இல்லாத சிலிக்கான் தெர்மல் பேடு வைத்து, கிளிப் அல்லது ஸ்க்ரூவால் இறுக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பேடு தகட்டின் முழு நீளத்துக்கும் இருக்க வேண்டும். வெறும் அலுமினியம் பட்டையில் உள்ள சிறு பாகங்களைத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். தகட்டின் உயரம் ப்ராசசர் விசிறியில் இடிக்குமா என்றும் முன்பே அளந்துகொள்ளுங்கள். லேபிளை ஹேர் டிரையரால் சூடாக்கி உரித்துத் தகட்டின் மேல் ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். உரித்த லேபிள் உரித்ததுதான். வாரண்டி மையத்தில் அதை ஏற்பார்கள் என்று நம்ப வேண்டாம். புதிதாக வாங்குபவர் என்றால் தொழிற்சாலையிலேயே தகடு பொருத்தி வருவதை வாங்கலாம். அதில் லேபிள் தகட்டின் வெளியே இருக்கும்.

<b>லேபிள் ஏற்கெனவே போய்விட்டதா?</b>

சி.பி.யு.-இசட் என்ற இலவச புரோகிராமை இறக்கி இயக்கிடவும். அதில் எஸ்.பி.டி. என்ற டேபில் கிளிக் செய்தால் தயாரிப்பாளர், பார்ட் நம்பர், வேகம், பல பட்டைகளில் சீரியல் நம்பரும் கிடைக்கும். பட்டையிலேயே உள்ள ஒரு குட்டிச் சிப் இந்தத் தகவல்களை வைத்திருக்கிறது. இன்னொரு பட்டை வாங்க இது போதும். வாரண்டிக்குப் போதுமா என்பது நிறுவனத்தின் மனதைப் பொறுத்தது.

தகட்டுக்குச் செலவு செய்யும் முன் உண்மையிலேயே சூடுதான் காரணமா என்று பார்த்துவிடுங்கள். விண்டோஸ் தேடல் கட்டத்தில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து இயக்கிடவும். அதிகாலையில் ஒரு முறை, மதியம் இரண்டு மணிக்கு ஒரு முறை சோதியுங்கள். இரண்டிலும் பிழை வந்தால் பட்டையே பழுது, தகடு உதவாது. மதியம் மட்டும் வந்தால் வெப்பத்தைச் சந்தேகிக்கலாம். அப்போதும் முதல் மருந்து காற்றோட்டம்தான். நம் வீடுகளில் கேபினட்டைக் கம்ப்யூட்டர் டேபிளின் மரக் கூண்டுக்குள் தள்ளி, மேலே ஒரு துணியும் போர்த்தி வைப்போம். அதை வெளியே எடுங்கள். செம்மண் தூசியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை ப்ளோயரால் ஊதிவிடுங்கள். அதுவும் போதவில்லை என்றால் கேபினட்டில் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றைச் சேர்க்கலாம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் ராமின் பற்களில் படலம் படியலாம். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மீண்டும் செருகினாலே பல கம்ப்யூட்டர்கள் சரியாகிவிடும்.

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்களை இன்னும் பயன்படுத்துபவர்கள் உண்டு. லேப்டாப் ராமுக்கு மேல் தகடு வைக்க இடமே கிடையாது. முயன்றால் கீழ் மூடி பொருந்தாது. அவற்றை மெத்தை மேல் வைத்து ஓட்டாமல், அடியில் காற்று போகும்படி வைத்தால் போதும். எப்போதாவது மூடியைத் திறக்க நேர்ந்தால் ராம் லேபிளை அப்போதே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.