மலைப் புற்றரையிற் பிறந்த புதிய இனம்

புதிய உயிரினம் ஒன்று தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டும் என்பது, டார்வினுடைய கொள்கையைப் பயின்ற நம்மனைவர்க்கும் பழகிய கருத்தாகும். விலங்குகளைப் பொறுத்தமட்டில் அது பெரும்பாலும் மெய்யே. தாவரங்களோ இவ்விதிக்கு அத்துணை அடங்குவனவல்ல. ஒரே தலைமுறையிற் புதிய இனமொன்றுக்கு அடிகோலும் வழி அவற்றுக்கு உண்டு. அதுவே பன்மடியம் எனப்படுவது.

தாவரக் கலங்களில் நிறமூர்த்தங்கள் பொதுவாக இரண்டு தொகுதிகளாக அமைந்துள்ளன. புணரிகள் உண்டாகும்பொழுது ஒடுக்கற்பிரிவினால் அவை பாதியாகும். எப்பொழுதாவது இவ்வொடுக்கம் தவறின், முழுத்தொகையையுங் கொண்ட புணரி பிறக்கும்; அதன்வழி வருஞ் செடி மூன்று அல்லது நான்கு தொகுதிகளை உடையதாகும். நான்மடியச் செடி தன் இருமடியப் பெற்றோருடன் கலப்பின் மும்மடியம் தோன்றும். மூன்றைச் சரிபாதியாகப் பகுத்தல் இயலாதாகையால் அது பெரும்பாலும் மலடே. நாம் உண்ணும் வாழைகளுட் பல மும்மடியங்கள் என்பதையும், அவை விதையாலன்றிக் குட்டியாலேயே பெருகுகின்றன என்பதையும் ஈண்டு நினைவு கூரலாம்.

எனவே, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே ஒரே நாளில் வேலி எழுந்துவிடுகின்றது. ஆயின், எண் மாறியவுடனேயே இனம் நிலைபெற்றுவிடும் என்பாரை நாம் உடன்படுவதற்கில்லை. புதிதாய்ப் பிறந்த ஒற்றைச் செடியைச் சூழ நிற்பவை பெற்றோரினத்துச் செடிகளே. அவற்றின் மகரந்தமே அதன் பூவில் விழும். விளையும் விதை வீணாகும். அது பிழைக்க வேண்டுமாயின், பெற்றோர் குடியேறாத நிலமொன்று வேண்டும். அன்றேல் விதையின்றிப் பெருகும் ஆற்றலேனும் வேண்டும். 1937 இல் ஐரின் மாண்டன் அம்மையார் பிஸ்குற்றெல்லா என்னுஞ் செடியை ஆராய்ந்தபொழுது, பனிக்கட்டி மூடாதிருந்த தாழ்நிலங்களில் இருமடியங்களையும், பனிக்கட்டி உருகி வெறுமையாய்க் கிடந்த அல்ப்ஸ் மலைகளில் நான்மடியங்களையுங் கண்டார்.

சுவிற்சலாந்தின் ஊரி மாநிலத்தில், கிளவுசன் கணவாய்க்கு அணித்தே ஊர்ணர்போடன் என்னும் மலைப்பள்ளத்தாக்கு உளது. கடுகுக் குடும்பத்துக் கார்டமினே சாதியைச் சார்ந்த இரண்டு இனங்கள் அங்கு வாழ்கின்றன. அமாரா நீரோடைக் கரைகளை விட்டு அகலாது. ரிவுலாரிஸ் ஈரப் புற்றரைகளை நாடும். இரண்டிற்கும் நிறமூர்த்தங்கள் 16. மனிதர் அங்குக் காடழித்தனர், கால்நடை மேய்த்தனர், பின்னர் குளிர்காலத் தீவனத்திற்கெனப் புல்லறுத்து எருவிடலாயினர். அறுப்பும் எருவும் மாறிமாறிப் பெற்ற இந்நிலம் ஓடைக்கரையுமன்று, பழைய புற்றரையுமன்று. இங்கேதான் 24 நிறமூர்த்தங்களையுடைய மும்மடியம் ஒன்று செழித்தது. சூரிச்சிற் பணியாற்றிய ஊர்பன்ஸ்கா அம்மையார் 1970களில் அதற்கு இன்சூயெற்றா எனப் பெயரிட்டார். ரிவுலாரிஸின் தொகுதிகள் இரண்டும் அமாராவின் தொகுதி ஒன்றும் அதிலுள்ளன. அதன் வயது சற்றேறக்குறைய நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்படாதெனக் கருதுவர்.

மலட்டுத்தன்மையுடைய இச்செடி வாழ்வது எவ்வாறு? நம் வீட்டுக் கோடியில் வளருஞ் சதைகரைச்சானின் இலையைப் போலவே இதன் இலையிலும் நாற்றுகள் முளைக்கும். இது ரிவுலாரிஸ் தந்த சீதனம். நீர் தேங்கினுந் தாங்கும் இயல்பு அமாராவின் வழி வந்தது. அரிவாள் பட்ட இலை ஈரமண்ணிற் கிடந்தால், அழிவே விதைப்பாகிவிடுகின்றது!

அப்பள்ளத்தாக்கிற் காணப்பட்ட மற்றொரு செடிக்கு ஷூல்ட்சியை என்று பெயரிட்டு, இன்சூயெற்றாவின் 24 இரட்டித்து 48 ஆனதே அது என முதலிற் கொண்டனர். 2013 இல் வெளிவந்த ஆய்வில் நிறமூர்த்தங்களை ஒவ்வொன்றாக இனங்கண்டு எண்ணியபோது, அவை 38 அல்லது 46 என்றே காணப்பட்டன. 30 நிறமூர்த்தங்களையுடைய பிரற்றென்சிஸ் என்னும் மூன்றாம் இனமும் அக்கலப்பிற் பங்குகொண்டிருந்தது. ஆகவே ஷூல்ட்சியையைத் தனி இனமென்பது பொருந்தாது என்பதே நம் கருத்து. தனக்கென ஒரு நிலத்தைப் பற்றிப் பெருகி நிற்கும் இன்சூயெற்றாவுக்கோ அப்பெயர் தகும்.