எடுத்த காசு தெரிகிறது, கட்டிய காசு?

“அந்தப் பையன் இறங்குகிற போக்கர் போட்டியில் எல்லாம் காசு எடுக்கிறான். ஏதோ சூட்சுமம் தெரிந்து வைத்திருக்கிறான்.” அலோர் ஸ்டார் ஒட்டுக்கடையிலும் இதே பேச்சு, சுங்கை பட்டாணி கல்யாண வீட்டிலும் இதே பேச்சு. 2023 தொடக்கத்திலிருந்து கெடாவில் நாலு நம்பர் கடைகளின் உரிமங்களை மாநில அரசு புதுப்பிக்காமல் விட்டது. ஆசை கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது.

கணக்கு எழுதுவது என் பிழைப்பு. எனக்கு எழுகிற கேள்வி ஒன்றுதான். எடுத்த காசைச் சொல்கிறீர்களே, கட்டிய காசு எவ்வளவு?

நம்பிக்கை: அடிக்கடி காசு எடுப்பவர் லாபத்தில் இருக்கிறார்.

உண்மை: பெரும்பாலும் இல்லை. பெரிய போட்டிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேருக்குத்தான் பரிசு. லாஸ் வேகஸில் 2024இல் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 10,112 பேர், தலைக்கு 10,000 டாலர். பரிசு பெற்றவர்கள் 1,517 பேர். முதலிடம் பெற்றவருக்கு ஒரு கோடி டாலர். பரிசு வட்டத்துக்குள் கடைசியாக நுழைந்தவர்களுக்கு 15,000. எட்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் தாண்டி வந்தவருக்கு மிச்சம் 5,000. விமானச் சீட்டும் ஹோட்டல் வாடகையும் அதற்குள்தான்.

நம்மூர் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்போம். நுழைவுக் கட்டணம் 100 ரிங்கிட், மொத்தம் 100 போட்டிகள். கட்டியது 10,000. ஐந்துக்கு ஒன்றில் காசு எடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நல்ல ஆட்டம்தான். ஒவ்வொரு முறையும் கடைசிப் பரிசாக 200 வந்தால் கைக்கு வந்தது 4,000. ஆறாயிரம் போய்விட்டது, ஊர் அவனைக் கெட்டிக்காரன் என்கிறது! தோற்றதும் மறுபடி கட்டி நுழைகிற போட்டிகளில் இன்னும் மோசம். மூன்று தடவை கட்டி ஒரு தடவை எடுத்தாலும் வெளியே தெரிவது அந்த ஒரு தடவைதான்.

உலக ஆட்டக்காரர்களின் பரிசுகளைத் தொகுக்கும் ஹெண்டன் மாப் பட்டியலும் வரவைத்தான் கூட்டுகிறது, கட்டணத்தைக் கழிப்பதில்லை. விற்பனையை மட்டும் எழுதி, சரக்கு வாங்கிய செலவை எழுதாத மளிகைக்கடைக்காரர் என்னிடம் வந்தால் ஏட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அப்படியானால் தொடர்ந்து எடுப்பவர்கள் என்னதான் செய்கிறார்கள்? சலிப்பூட்டும் வேலை. வந்த சீட்டுகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்ததும் மடக்கிப் போடுகிறார்கள். பிளைண்ட் எனும் கட்டாயப் பந்தயம் ஏறிக்கொண்டே போகும். கையிருப்பு பெரிய பிளைண்டின் பத்து மடங்குக்குக் கீழே இறங்கினால், எந்தச் சீட்டுக்கு எல்லாவற்றையும் வைப்பது, எதற்கு மடக்குவது என்று முன்பே கணக்குப் போட்டு மனத்தில் ஏற்றியிருப்பார்கள். பரிசு வட்டத்துக்கு ஓரிருவரே மிச்சம் என்கிற ‘பபிள்’ கட்டத்தில் மற்றவர்கள் பயந்து சுருங்கும்போது, அதிகம் வைத்திருப்பவர் அவர்களை நெருக்குவார். பெரும் பணம் முதல் சில இடங்களில் குவிந்திருப்பதால், தேர்ந்த ஆட்டக்காரர் சில சமயம் வெறுங்கையோடு வெளியேறும் ஆபத்தையும் தெரிந்தே ஏற்கிறார். வட்டத்துக்குள் நுழைந்தால் போதும் என்று பதுங்குகிறவனுக்கு எண்ணிக்கை ஏறும், பணம் ஏறாது. அமெரிக்க ஆட்டக்காரர் பில் ஹெல்மத் உலகப் போக்கர் தொடரில் 200 முறைக்கு மேல் காசு எடுத்தவர்தான். ஆனால் 1989இலேயே முதன்மைப் பட்டம் வென்று, இத்தனை ஆண்டுகளாக ஆடிவருகிறவரின் எண்ணிக்கை அது.

மற்ற நம்பிக்கைகள் சில்லறை. ராசி நாற்காலி, கனவில் வந்த சீட்டு: கலைத்துப் போட்ட கட்டுக்கு உங்கள் கனவு தெரியாது. முகத்தைப் பார்த்தே சீட்டைச் சொல்லிவிடுவார்களாம்: கைப்பேசியில் யார் முகத்தை?

“திறமை ஆட்டம், ஆகவே சட்டப்படி சரி” என்பதற்கு மட்டும் சற்று நிற்க வேண்டும். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரையும் ரம்மியையும் திறமை ஆட்டம் என்று ஏற்றது. அது தமிழ்நாட்டுச் சட்டம் பற்றிய தீர்ப்பு. 2025இல் இந்திய நாடாளுமன்றம் இணையவழிப் பண ஆட்டங்களையே தடை செய்துவிட்டது. நம் மலேசியாவின் 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டமோ, அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஆட்டத்தைக் காசுக்கு ஆடுவதையும் சூதாட்டம் என்றே சொல்கிறது. பிடிபட்டவர் காவல் நிலையத்தில் சென்னைத் தீர்ப்பை வாசித்துக் காட்டிப் பார்க்கட்டும்.

சூதில் கட்டாமல், சிறுகச் சிறுகக் கட்டிச் சொத்துச் சேர்ப்பதில் நம்மவர்களுக்குப் பழக்கம் இல்லாமலும் இல்லை. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், பால்மரம் வெட்டியவர்களின் பங்குப் பணத்தைச் சேர்த்து முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம்தான். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ‘பபிள்’ தெரிகிறது, பங்கு தெரியவில்லை. அதனால்தான் இடைநிலைப்பள்ளிக் கூட்டுறவுக் கடையின் வரவு செலவு ஏட்டை மாணவர்களே எழுதட்டும் என்று பெற்றோர் கூட்டங்களில் சொல்லிப் பார்க்கிறேன். “பரீட்சைக்கு வராதே” என்கிறார்கள்.