வென்டிலேட்டரை எடுப்பது கொலையா?

கேள்வி: அப்பாவுக்கு 81 வயது. பக்கவாதம் வந்து மூன்று வாரமாக நினைவில்லை; வென்டிலேட்டரில் இருக்கிறார். இனித் தேறமாட்டார் என்கிறார் டாக்டர். 'எடுத்துவிடலாம்' என்கிறான் தம்பி. அது கொலை இல்லையா?
- ஒரு வாசகி, திருவக்கரை

பதில்: கொலை இல்லை, அம்மா. தென் மாவட்டங்களில் முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகடிக்கும் தலைக்கூத்தல்தான் கொலை. பலன் தராத சிகிச்சையை விலக்கி, நோயை அதன் போக்கில் விடுவது வேறு.

இன்பத்தையும் துன்பத்தையும் கூட்டிக் கழித்துப் பார் என்பது தத்துவவாதி பெந்தமின் பயன்வாதம். எந்த மனிதரையும் வெறும் கருவியாக நடத்தாதே என்பார் இன்னொரு தத்துவவாதி கான்ட். அதனால் முதலில் கேட்க வேண்டியது, இந்த முடிவு அப்பாவுக்காகவா, நம் வசதிக்காகவா என்பதே.

சட்டமும் இதைப் பேசியிருக்கிறது. 1973இல் தாக்கப்பட்டு நினைவிழந்த செவிலியர் அருணா ஷான்பாக்கை, மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர்கள் ஏறத்தாழ 42 ஆண்டுகள் பேணினார்கள். அவர் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் உணவூட்டுவதை நிறுத்த அனுமதி மறுத்தது. ஆனால், சிகிச்சையை விலக்கிக்கொள்ளவும் வழி திறந்தது. கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடக்கம் என்றது அதே நீதிமன்றத்தின் 2018 மார்ச் 9 தீர்ப்பு. 2023இல் நடைமுறை எளிதானது: மருத்துவமனையின் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும், குடும்பமும் சம்மதிக்க வேண்டும்.

உங்கள் ஊரில் கல்லாகிப்போன கல்மரங்களைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். ஆண்டு வளையம்கூட அழியவில்லை, ஆனால் துளிர்ப்பதில்லை. உடம்பைக் காப்பதும் வாழவைப்பதும் ஒன்றல்ல. நல்லபடி இருந்தபோது அப்பா என்ன சொன்னார் என்று தம்பியோடு உட்கார்ந்து நினைவுகூருங்கள். முடிவெடுக்கும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருங்கள்.