கொலஸ்ட்ரால் மாத்திரை எலும்பைக் கரைக்குமா?

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அடோர்வாஸ்டாட்டினை உடனே நிறுத்தச் சொல்லி வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவுரைகளில் முன்பெல்லாம் கல்லீரலும் சர்க்கரையும்தான் இருக்கும். இப்போது எலும்பும் சேர்ந்துகொண்டது. வேடிக்கை என்னவென்றால், 25 ஆண்டுகளுக்கு முன் இதே மாத்திரை எலும்பைப் பலப்படுத்தும் என்றுதான் பேச்சாக இருந்தது.

நம்பிக்கை: ஸ்டாட்டின் சாப்பிட்டால் எலும்பு உறுதியாகும்.

உண்மை: இது யாரோ கிளப்பிவிட்ட கதை அல்ல. 1999இல் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் கிரெகரி மண்டியின் குழு, எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் பொருளைத் தேடி 30,000க்கும் மேற்பட்ட இயற்கைச் சேர்மங்களைச் சலித்தது. சிக்கியது லோவாஸ்டாட்டின். எலிகளின் மண்டையோட்டுக்கு மேலே தோலடியில் ஊசியாகப் போட்டபோது புது எலும்பு உருவானது. மருந்துகள் வேலை செய்யும் விதமும் இதற்குப் பொருந்தியது. உடல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் வேதிப்பாதையை ஒரு வாய்க்கால் என்று வைத்துக்கொண்டால், ஸ்டாட்டின் அதன் தலைமதகை அடைக்கிறது. எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அலெண்ட்ரோனேட் அதே வாய்க்காலில் கொஞ்சம் கீழே இருக்கும் மதகை அடைத்து, எலும்பை அரிக்கும் செல்களை முடக்குகிறது.

அடுத்த ஆண்டே, ஸ்டாட்டின் சாப்பிடும் முதியவர்களுக்கு எலும்பு முறிவு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று ஆய்வுகள் வந்தன. எல்லாம் மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டிக் கணக்கிட்டவை. அவற்றில் ஒன்று பயன்படுத்திய அதே பிரிட்டிஷ் பதிவேட்டை 2001இல் இன்னொரு குழு அலசியபோது அந்தப் பலனைக் காணோம். பதிவேடு சொல்லாத சங்கதிகள் சில உண்டு. ஒழுங்காக மாத்திரை போடுகிறவர் பொதுவாகவே உடம்பைக் கவனிக்கிறவர். கொலஸ்ட்ரால் கூடியவர் பலருக்கு உடல் எடையும் கூடுதல். எடை கூடியவரின் இடுப்பெலும்பு பெரும்பாலும் அடர்த்தியாகவே இருக்கும். முறிவு குறைந்தது மாத்திரையாலா, ஆளாலா?

நேரடியாகச் சோதித்தபோது விடை கிடைத்தது. மாதவிடாய் நின்ற 626 பெண்களுக்கு 10 முதல் 80 மி.கி. வரை அடோர்வாஸ்டாட்டினோ வெற்று மாத்திரையோ ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2007இல் வெளியான முடிவு: எலும்பு அடர்த்தியில் வித்தியாசம் இல்லை. விழுங்கும் ஸ்டாட்டினில் பெரும்பகுதியைக் கல்லீரலே பிடித்துவைத்துக்கொள்கிறது. எலும்புக்குப் போய்ச் சேருவது சொற்பம்.

நம்பிக்கை: அப்படியானால் அது எலும்பைக் கெடுக்கிறது.

உண்மை: இப்போதைய பயத்துக்குப் பெரிய காரணம் 2019இல் வியன்னாவிலிருந்து வந்த ஆய்வு. ஆஸ்திரியாவில் சுமார் 79 லட்சம் பேரின் காப்பீட்டுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். குறைந்த அளவில் ஸ்டாட்டின் எடுப்பவர்களிடம் எலும்புப்புரை குறைவாகவும், அதிக அளவில் எடுப்பவர்களிடம் கூடுதலாகவும் தென்பட்டது. ஈஸ்ட்ரோஜனுக்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் மூலப்பொருள் கொலஸ்ட்ரால்தான்; அதை மிகவும் இறக்கினால் எலும்பைக் காக்கும் ஹார்மோன்களும் குறையலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதுவும் பதிவேட்டுக் கணக்கே. அதிக அளவு மாத்திரை யாருக்கு எழுதுவார்கள்? மாரடைப்பு வந்தவருக்கு, நீண்டகாலச் சர்க்கரை நோயாளிக்கு, நடமாட்டம் குறைந்தவருக்கு. 2000இன் நல்ல செய்தியை இந்தக் காரணத்துக்காகத் தள்ளிவிட்டு, 2019இன் கெட்ட செய்தியை மட்டும் அப்படியே ஏற்பது என்ன நியாயம்?

ஜூபிடர் என்ற சோதனையில் 17,802 பேரில் பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் 20 மி.கி., மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. எலும்பு முறிந்தவர்கள் மருந்துப் பக்கம் 221, வெற்று மாத்திரைப் பக்கம் 210. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் இது. பெரும்பாலோரைக் கவனித்தது இரண்டு ஆண்டுகள் போல்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் மேலே சொன்ன 626 பெண்களில் 80 மி.கி. சாப்பிட்டவர்களுக்கும் ஓராண்டில் எலும்பு அடர்த்தி குறையவில்லை.

நம்பிக்கை: மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து கைகால் வலி, எலும்பு போய்விட்டது.

உண்மை: எலும்புப்புரை முறியும்வரை பெரும்பாலும் வலிக்காது. ஸ்டாட்டினால் வலி வந்தால் அது தசை வலி. அதிலும் ஒரு விசித்திரம். உபாதை தாங்காமல் ஸ்டாட்டினை விட்டுவிட்ட 60 பேருக்கு லண்டனில் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் வந்த உபாதையில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் வந்தது. உபாதை உண்மை, காரணம்தான் வேறு. தசைவலி கடுமையாகி, சிறுநீரும் கருத்துப் போனால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

நம்பிக்கை: எல்லாக் கொலஸ்ட்ரால் மருந்தும் ஒன்றுதான்.

உண்மை: இல்லை. கொலஸ்டிரமின் என்ற தூள் குடலில் பித்த அமிலங்களைப் பிடித்துவைக்கிறது. கொழுப்பில் கரையும் வைட்டமின் டி உடம்பில் சேருவதையும் அது குறைக்கலாம். நெடுநாள் சாப்பிடுகிறவர் வைட்டமின் டி அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மற்றவர்கள் எலும்பைப் பற்றி யோசிக்க வேண்டியது வேறு காரணங்களுக்காக: மாதவிடாய் நின்றது, மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை, புகை, லேசாக விழுந்ததற்கே முன்பு எலும்பு முறிந்தது. சந்தேகம் இருந்தால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுக்கலாம். அதில் டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போயிருந்தால் எலும்புக்குத் தனி மருந்து தருவார்கள். அதற்காக ஸ்டாட்டினை விட வேண்டியதில்லை. அலெண்ட்ரோனேட் என்றால் வாரம் ஒருநாள், காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு போட்டுக்கொண்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். ஸ்டாட்டினை வழக்கம்போல இரவில் போட்டுக்கொள்ளலாம்.