பிரம்புக்குள் ஆணி

அன்புள்ள தம்பிக்கு,

தரங்கம்பாடி வீட்டைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை நேற்று இரண்டு தடவை படித்தேன். தாழ்வாரத்தில் கிழக்குப் பார்த்துப் போட்டிருக்கிறாயே ஒற்றைச் சாய்வு நாற்காலி, அந்தப் படத்தை விட்டுக் கண் நகரவே இல்லை. சாமான்களை அடைக்காமல் கடலுக்கு இடம் விட்டிருக்கிறாய். இத்தனை வருடத் தொழிலில் எனக்கு அந்தத் துணிச்சல் ஒருநாளும் வந்ததில்லை.

அடுத்த பக்கத்தில் சோபாவின் கால் மூட்டைப் பார்த்ததும் மனசு விட்டுப்போயிற்று. பிரம்பு நார்ச் சுற்றின் கீழே ஒரு விரல் நீளத்துக்குத் துருக்கறை. உள்ளே இரும்பு ஆணி அடித்திருக்கிறார்கள், நீயும் விட்டிருக்கிறாய். உப்புக்காற்றின் ஈரம் சுற்றுக்குள் போனால் வெளியே வராது. துரு பருத்துப் பருத்துப் பிரம்பைப் பிளந்துவிடும். மேலே நார் மூடியிருப்பதால், ஆள் உட்கார்ந்து மூட்டு விடுகிற அன்றைக்குத்தான் தெரியும். பித்தளைத் திருகாணி போடு, இல்லாவிட்டால் துளையிட்டு மூங்கில் முளை அடி.

மூட்டில் சுற்றும் நார்க்கட்டு வெறும் அலங்காரம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தையைப் படித்தபோது கோபமே வந்தது. ஊறிய நாரை ஈரத்தோடு இழுத்துச் சுற்றினால், காயக் காயச் சுருங்கி மூட்டைக் கவ்விக்கொள்ளும். காய்ந்த நாரைப் பசை தடவி ஒட்டினால் எதையும் பிடிக்காது.

சிதம்பரத்திலிருந்து சீர்காழி போகிற வழியில், கொள்ளிடம் தாண்டித் தைக்காலில் ஒரு பெரியவரிடம்தான் நான் தொழில் கற்றேன். முதல் ஆறு மாதம் பிரம்பை வளைக்கவே விடவில்லை. கட்டு மட்டும்தான். சுற்றி முடித்ததும் சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்துவார். நகம் இறங்கினால் ஒன்றும் பேசாமல் கத்தியை என் கையில் கொடுப்பார். அறுத்துவிட்டு மறுபடி சுற்ற வேண்டும். அவர் போன பிறகு, ஒரு கடற்கரை விடுதிக்கு 24 நாற்காலிகளை அவசரமாகச் செய்தபோது நானும் இரும்பு ஆணிதான் அடித்தேன். இரண்டாவது மழைக்காலத்தில் ஒன்று உடைந்து ஒரு பாட்டி கீழே விழுந்தார். இருபத்து நான்கையும் திரும்ப எடுத்துவந்து அவிழ்த்தேன்.

இன்னொன்று, பிரம்புக்கு நீ அடித்திருக்கும் வார்னிஷ். பிரம்பின் தோலுக்கு இயல்பிலேயே மினுமினுப்பு உண்டு. அதன்மேல் வார்னிஷ் ஒட்டாது, செதில் செதிலாக உரியும். பின்னல் இருக்கையின் அடிப்பக்கத்தில்கூட அடித்திருக்கிறாய். நாலு வருடத்தில் இருக்கை தொய்யும். அப்போது கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்தை வெந்நீர்த் துணியால் நனைத்து நிழலில் உலர்த்தினால் பின்னல் தானே இறுகும். வார்னிஷ் அடைத்திருந்தால் தண்ணீர் எங்கே இறங்கும்? அடியையாவது சுரண்டிவிடு.

மூங்கில் அலமாரி நன்றாக இருக்கிறது. கழிகளைப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்திருக்கிறாய், பூச்சி அண்டாது. ஜன்னலோரத்திலிருந்து மட்டும் தள்ளி வை. சாரல் படப் பட மருந்து கரைந்து போய்விடும்.

ஐப்பசி பிறக்குமுன் சோபாவை வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவா. நல்ல நார் இரண்டு கட்டு வைத்திருக்கிறேன். புறப்படும்போது போன் செய், ஊறப்போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்